வல்லாரை: இனங்கண்டு, வளர்த்து, வீட்டில் மருந்தாக்கும் முறை
(மொரீஷியஸ் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி)

மொரீஷியஸின் நடு மேட்டுநிலத்தில், கியூர்பிப், வாக்வா போன்ற மழை ஓயாத ஊர்களில், வல்லாரையைத் தேடிப் போக வேண்டியதில்லை. முற்றத்துப் புல்லோடு புல்லாக அது தானே படர்ந்து கிடக்கிறது, புல் வெட்டும்போது அதுவும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. அதே வீட்டில், தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்காக மருந்துக் கடையில் வாங்கிய வல்லாரைக் குளிகைப் புட்டி ஒன்று அலமாரியில் இருப்பதும் அரிதன்று. அந்தப் புட்டியை ஒதுக்கிவிட்டு, காலடியில் கிடப்பதைப் பயன்படுத்த விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் செடி சரியானதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்து அதைத் தூய மண்ணிலும் தூய நீரிலும் நாமே வளர்க்க வேண்டும். பிறகு கீரையாக உண்டு உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்தாகக் காய்ச்சுவது அதற்கெல்லாம் பிறகுதான். நம்மில் பலர் முதல் மூன்று படிகளைத் தாண்டிக் கடைசிப் படியில் போய் நிற்கிறார்கள் என்பதே என் குறை.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

"வல்லாரை உண்டவரிடம் மல்லாடாதே" என்ற பழமொழியும், சரஸ்வதிக் கீரை என்ற மறுபெயரும் சேர்ந்து, இந்தக் கீரை நினைவாற்றலுக்கே உரியது என்ற எண்ணத்தை நம்மிடம் ஊன்றிவிட்டன. ஆனால் மனிதர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், வல்லாரையால் நினைவாற்றல் கூடுகிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை. சிலருக்கு மனம் சற்று அமைதியடைகிறது, விழிப்பு கூடுகிறது என்பதோடு நின்றுவிடுகிறது. அக்டோபர், நவம்பரில் எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதும் பிள்ளைக்கு வல்லாரைக் குளிகையைவிட எட்டு மணி நேர உறக்கம் பெரிய உதவி. சான்று ஓரளவு வலுவாக நிற்பது தோலிலும் இரத்தக் குழாய்களிலும்தான். இந்த இலையில் உள்ள ஏசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு என்ற பொருள்களும், ஏசியாட்டிக் அமிலம், மேடகாசிக் அமிலம் ஆகியவையும் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதைத் தூண்டுகின்றன. காயம் ஆறிய இடத்தில் தழும்பு மென்மையாவதற்கும், நாளெல்லாம் நின்று வேலை செய்வோருக்குக் காலில் ஏற்படும் வீக்கமும் கனமும் குறைவதற்கும் இதன் சாற்றைச் செறிவாக்கிச் செய்த மருந்துகள் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. அவை அளவு நிலைப்படுத்தப்பட்ட மருந்துகள் என்பதையும், வீட்டில் நாம் காய்ச்சுவது அவ்வளவு வலிமையானதன்று என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

இந்த இலையின் மருத்துவ வரலாற்றில் நம் தீவுக்கும் ஓர் இடம் உண்டு. 1852-இல் மொரீஷியஸில் புவாலோ என்ற மருத்துவர் தொழுநோய்க்கு வல்லாரை பயன்படும் என்று எடுத்துரைத்தார். அதன்பின் சில ஆண்டுகளில் புதுச்சேரியில் லெப்பீன் என்ற மருந்தாளர் இலையை வேதியியல் முறையில் ஆராய்ந்து, தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு இதன் தமிழ்ப் பெயரையொட்டி வெல்லரின் என்று பெயரிட்டார். 1940-களில் அண்டை நாடான மடகாஸ்கரின் வல்லாரையிலிருந்து ஏசியாட்டிகோசைடு பிரித்தெடுக்கப்பட்டது. இன்றைக்கும் மருந்து நிறுவனங்கள் அந்தத் தீவின் இலையைப் பெருமளவில் வாங்குகின்றன. தொழுநோய்க்கு இப்போது கூட்டு மருந்துச் சிகிச்சை முழுமையான குணம் தருகிறது; ஆகவே அந்த நோய்க்கு வல்லாரையை நாடுவதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை.

முதல் படி: செடியை உறுதி செய்தல்

வல்லாரை நிமிர்ந்து வளராது. தரையோடு ஒட்டி ஓடும் மெல்லிய, சற்றே சிவந்த ஓடுதண்டு, கணுவுக்குக் கணு வேர் விட்டு, ஒவ்வொரு கணுவிலிருந்தும் சில இலைகளை நீண்ட காம்புகளில் மேலே அனுப்பும். இலை இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ளது. சிறுநீரக வடிவில், அடியில் ஆழமான பிளவோடு இருக்கும். காம்பு அந்தப் பிளவின் உச்சியில்தான் இணைந்திருக்கும், நரம்புகள் அனைத்தும் அந்த ஒரே புள்ளியிலிருந்து விரியும். இலையின் ஓரம் முழுவதும் மழுங்கிய சிறு பற்கள் சீராக அமைந்திருக்கும். பூ இருக்கிறதா என்று பார்க்க இலைகளை விலக்க வேண்டும். அரிசிமணியினும் சிறிய, வெளிறிய இளஞ்சிவப்புப் பூக்கள் மண்ணுக்குச் சற்று மேலே மறைந்திருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் கேரட் தழையை நினைவூட்டும் மெல்லிய மணம் வரும், இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால். மெல்லும்போது முதலில் துவர்ப்பும், பின்னால் நாவின் அடியில் கசப்பும் தங்கும்.

ஏமாற்றும் செடிகள் மூன்று. முதலாவது, ஈர நிலத்திலும் குளக்கரையிலும் வளரும் நீர்க்குடைச் செடி. அதன் இலை வட்டமாக, பளபளப்பாக இருக்கும், ஆனால் காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி போலச் செருகியிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்தாலே போதும், தவறாது. இரண்டாவது, தோட்டங்களில் புல்லுக்குப் பதிலாகப் பரப்பப்படும் டைகோண்ட்ரா. காம்பு பிளவில்தான் இணையும், ஆனால் ஓரத்தில் பல்லே இராது, இலையின் அடியில் மென்மயிர் தட்டுப்படும். மூன்றாவது குழப்பம் செடியில் அன்று, புட்டியில் ஒட்டிய பெயர்ச்சிட்டையில் இருக்கிறது. பிரமி என்று எழுதி இந்தியாவிலிருந்து வரும் தூளும் எண்ணெயும் சில வேளைகளில் வல்லாரையாகவும், சில வேளைகளில் நீர்ப்பிரமியாகவும் இருக்கும். நீர்ப்பிரமி தடித்த சிறு இலைகளும் வெண்ணிறப் பூக்களும் கொண்ட வேறொரு செடி, அதன் வேதிப்பொருள்களும் வேறு. தூளாக வாங்கினால் சிட்டையில் தாவரவியல் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். போர்ட் லூயி மத்திய சந்தையில் திசான் (மூலிகையை வெந்நீரில் ஊறவைத்தோ காய்ச்சியோ பருகும் நீர்) விற்கும் மூலிகைக் கடைக்காரரிடம் வாங்குவதானால், பொடித்த சருகை வாங்காமல், இலை முழுதாகத் தெரியும்படி உலர்த்தியதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: சொந்தத் தொட்டியில் வளர்த்தல்

காட்டில் பறித்த வல்லாரை வீரியமானது என்று சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. இந்தச் செடி மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம் போன்ற உலோகங்களைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. சாலையோரத்தில் வளர்ந்தது வாகனப் புகையின் கசடையும், கரும்புத் தோட்டத்து ஓரத்தில் வளர்ந்தது களைக்கொல்லியையும் ஏந்தியிருக்கும். வாய்க்கால் கரையில் எலியின் சிறுநீர் கலந்த நீர் ஓடுவதால் எலிக்காய்ச்சல் அச்சமும் உண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயியின் தெருக்களில் சாக்கடையும் மழைநீரும் ஒன்றாக ஓடியதை நாம் கண்டோம். அப்படிப்பட்ட நீர் தேங்கி வடிந்த இடத்தில் முளைத்ததைப் பறித்து உண்பது எந்த மருத்துவத்திலும் சேராது.

வளர்ப்பது கடினமன்று. உறுதி செய்த செடியிலிருந்து, வேர் விட்ட இரண்டு மூன்று கணுக்கள் உள்ள ஓடுதண்டு ஒன்றை மண்ணோடு பெயர்த்து வாருங்கள். அதன் பழைய இலைகளையெல்லாம் கிள்ளி எறிந்துவிடுங்கள். அந்த இடத்துத் தூசியும் பூச்சி முட்டையும் அவற்றோடு போய்விடும். தொட்டி ஆழமாக இருக்க வேண்டியதில்லை, அகலமாக இருக்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் அகலமும் பதினைந்து சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தொட்டி ஒரு குடும்பத்துக்குத் தொடங்கப் போதும். இரண்டு பங்கு தோட்ட மண்ணும் ஒரு பங்கு நன்றாக மக்கிய உரமும் கலந்து நிரப்பி, தண்டைக் கிடைமட்டமாக வைத்து, கணுக்கள் மட்டும் மண்ணில் புதையுமாறு அழுத்துங்கள். காலை வெயில் படும், நண்பகலில் நிழல் விழும் இடமே இதற்கு உகந்தது. திரியோலே, போர்ட் லூயி போன்ற வெப்பமான வடக்குப் பகுதிகளில் நண்பகல் வெயில் பட்டால் இலை சிறுத்துச் சிவந்து, கசப்பு ஏறிவிடும். கியூர்பிப்பிலோ வெயில் எவ்வளவு கிடைத்தாலும் செடி வேண்டாம் என்று சொல்லாது.

ஈரம் காயாமல் குழாய்நீர் ஊற்றி வாருங்கள். ஆனால் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் நீர் தேக்கி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2006-இல் சிக்குன்குனியா இந்தத் தீவில் எத்தனை வீடுகளை முடக்கியது என்பது நினைவிருப்பவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கோடை மாதங்களில் நட்டால் இரண்டு மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும். ஜூன், ஜூலையில் நட்டால் மேட்டுநிலத்துக் குளிரில் இன்னும் ஒரு மாதம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். தொட்டியைத் தரையில் வைக்காமல் மேசையிலோ செங்கல் அடுக்கின் மேலோ வைப்பது நத்தை ஏறுவதைக் குறைக்கும்; அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: பறித்தலும் கழுவுதலும்

கையால் இழுத்தால் ஓடுதண்டு முழுவதும் பெயர்ந்து வரும். ஆகவே கத்தரிக்கோலால் இலையையும் காம்பையும் மட்டும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு இலையைச் செடியிலேயே விட்டுவிட்டால், மூன்று நான்கு வாரத்தில் மறுபடி வெட்டலாம். மஞ்சளித்ததையும் புள்ளி விழுந்ததையும் ஒதுக்குங்கள்.

கழுவுவதில் அவசரம் கூடாது. நத்தை, ஓடில்லா நத்தை ஆகியவற்றின் உடலில் எலி நுரையீரல் புழுவின் இளம்புழுக்கள் இருக்கலாம். இந்தியப் பெருங்கடல் தீவுகளில் இந்தப் புழு உண்டு. கண்ணுக்கு எளிதில் தெரியாத குட்டி நத்தை ஒன்று பச்சை இலையோடு வாய்க்குள் போனால், அந்தப் புழு மூளையுறையில் அழற்சியை உண்டாக்கக்கூடும். உப்புநீரில் ஊற வைத்தால் போதும் என்று நம்புவது பாதுகாப்பன்று. ஒவ்வோர் இலையாக எடுத்து, இரு பக்கமும், குறிப்பாகக் காம்பு இணையும் பிளவிலும் விரல் படும்படி, ஓடும் குழாய்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். அந்தப் பிளவில்தான் மணலும் முட்டையும் ஒளிந்திருக்கும். பிறகு அகன்ற பாத்திரத்தில் இருமுறை அலசி, அடியில் மணல் தங்காத வரையில் நீரை மாற்றுங்கள். புழுவைக் கொல்ல, உண்ணும் முன் சமையலறையில் நம்பத்தக்க வழி கொதிநிலைச் சூடு. ஆகவே உங்கள் சொந்தத் தொட்டியில் வளராத வல்லாரையை எக்காரணம் கொண்டும் பச்சையாக உண்ணாதீர்கள். சொந்தத் தொட்டியில் நத்தைத் தடம் கண்டாலும் அந்த வாரம் வேக வைத்தே உண்ணுங்கள்.

நான்காம் படி: கீரையாக உண்ணுதல்

பிரேட், அதாவது கீரை, இல்லாத மொரீஷியஸ் சமையலறை கிடையாது. முருங்கைக்கீரை, மணத்தக்காளிக் கீரையான பிரேட் மர்த்தேன், தண்டுக்கீரையான பிரேட் மலபார் என்று வாரம் முழுவதும் கீரை வேகும் இடத்தில் வல்லாரை மட்டும் மருந்தென்று தனித்து நிற்பானேன்? வாரத்தில் இரண்டு நாள் ஒரு கைப்பிடி உண்பதே நலமுள்ள பெரியவர்களுக்குப் போதுமான, அச்சமில்லாத அளவு.

எளிமையானது பூயோன் என்ற நீர்த்த கீரைச் சாறு. நால்வருக்கு இரண்டு கைப்பிடி வல்லாரையும், அதன் கசப்பைத் தணிக்க இரண்டு கைப்பிடி வேறொரு மென்கீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும், நசுக்கிய பூண்டு மூன்று பல், நறுக்கிய சிறிய வெங்காயம் ஒன்று, தட்டிய இஞ்சி ஒரு துண்டு ஆகியவற்றை வதக்கி, வாசனை வந்ததும் ஒரு லிட்டர் நீரும் உப்பும் சேர்த்துக் கொதிக்க விட வேண்டும். நீர் தளதளவென்று கொதிக்கும்போது முதலில் மென்கீரையையும், இரண்டு நிமிடம் கழித்து வல்லாரையையும் போட்டு, மூடாமல் மூன்று நான்கு நிமிடம் வேக விட்டு இறக்குங்கள். மூடி வேக வைத்தால் பசுமை கறுக்கும், கசப்பும் தூக்கலாகத் தெரியும். சோற்றில் ஊற்றி, கூடவே பொம்தாமூர் சாத்தினி என்ற தக்காளிச் சட்னி வைத்துக்கொண்டால், கீரை வேண்டாம் என்கிற பிள்ளைகளும் உண்பார்கள்.

தாளித்துச் செய்யும் துவையலுக்கு ஒரு கைப்பிடி வல்லாரையை இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் சுருளும் வரையில் மட்டும் வதக்கி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே சட்டியில் ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பையும், இரண்டு காய்ந்த மிளகாயையும் பொன்னிறமாக வறுத்து, அரை மூடித் தேங்காயின் பாதித் துருவலும், சுண்டைக்காயளவு புளியும், உப்பும் சேர்த்து அரைக்க வேண்டும். மின்னரவையில் அரைத்தால் நீர் கூடுதலாகக் கேட்கும், துவையல் சாத்தினியாக இளகிவிடும். வீட்டில் ரோஸ் காரி என்ற அம்மிக்கல் இன்னும் இருந்தால் முதலில் பருப்பையும் மிளகாயையும் அதில் நீரில்லாமல் பொடித்து, பிறகு தேங்காய், கடைசியில் இலை என்று அரைத்துப் பாருங்கள். காம்பின் நாரெல்லாம் கல்லில் மசிந்து, நாவில் நெருடாமல் திரண்டு வரும். புளி சேர்த்தால் வல்லாரையின் குணம் கெடும் என்று பெரியவர்கள் சொல்வது, அதை மருந்தாக உண்ணும் நாள்களுக்கான பத்தியம். கீரையாக உண்ணும்போது புளியில்லாமல் அந்தத் துவர்ப்பை எத்தனை பேர் விரும்புவார்கள் என்பது ஐயம். புளிக்குப் பதிலாக எலுமிச்சை பிழிந்துகொள்வதும் நன்றாகவே இருக்கிறது. துவையலைக் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: உலர்த்தலும் திசானும்

இலையை நேர்வெயிலில் காய வைத்தால் நிறமும் மணமும் போய்விடும். கழுவிய இலையைத் துணியில் ஒற்றி, காம்பைத் தனியே நறுக்கிப் பிரித்து, மூங்கில் தட்டிலோ வலைத் தட்டிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். நம் தீவில் இதற்கு ஏற்ற காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. வடக்கிலும் மேற்குக் கரையிலும் நான்கைந்து நாளில் உலர்ந்துவிடும். மேட்டுநிலத்தில் மழைக்காலத்தில் உலர்த்த முயன்றால் உலருவதற்கு முன் பூஞ்சை பூத்துவிடும், அங்கே மின்னடுப்பை ஐம்பது பாகைக்கு மேற்படாத வெப்பத்தில், கதவைச் சற்றே திறந்து வைத்துப் பயன்படுத்துவதுதான் வழி. இலை நொறுங்கினால் மட்டும் போதாது. காம்பை வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஒரு கிலோ பச்சை இலை காய்ந்தபின் நூறு, நூற்றைம்பது கிராமுக்குள் அடங்கிவிடும். பொடிக்காமல் இலையாகவே கண்ணாடிப் புட்டியில் இட்டு, ஒளி படாத இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கறுத்தாலோ, மக்கிய நாற்றம் அடித்தாலோ முழுவதையும் எறியுங்கள். மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அளவு பற்றி இனிச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மூலிகைத் தொகுப்பு, உலர்ந்த வல்லாரையை வேளைக்கு 0.33 முதல் 0.68 கிராம் வரை, நாளைக்கு மூன்று வேளை என்று குறிக்கிறது. இது எவ்வளவு சிறிய அளவு என்பதைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். திசான் என்றால் ஒரு பிடி சருகை அள்ளிப் போட்டுக் கருகும் வரை கொதிக்க வைப்பது என்று பழகியவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றும். சமையலறைத் தராசு அரை கிராமைச் சரியாகக் காட்டாது. ஆகவே ஐந்து கிராம் இலையை நிறுத்து, தட்டில் கொட்டிப் பத்துக் குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தாளில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலம் ஒரு வேளைக்கு.

கோப்பையில் ஒரு பொட்டலத்தைப் போட்டு, கொதித்து இறக்கிய நீர் நூற்றைம்பது மில்லிலிட்டர் ஊற்றி, தட்டால் மூடிப் பத்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். நீர் வெளிர்பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், இலேசாகக் கசக்கும். வேண்டுமானால் ஏலக்காய் ஒன்றைத் தட்டிச் சேர்க்கலாம், சர்க்கரை வேண்டாம். ஐந்தில் ஒரு பெரியவர் நீரிழிவோடு வாழும் நாட்டில், இனிப்புச் சேர்த்துத்தான் மூலிகையைக் குடிக்க முடியும் என்றால் அதைக் குடிக்காமல் இருப்பதே மேல். முதல் மூன்று நாள் மாலையில் ஒரு வேளை மட்டும் பருகுங்கள். தலைவலி, குமட்டல், வயிற்று வலி, அளவுக்கு மீறிய தூக்கம், தோலில் தடிப்பு எதுவும் இல்லையென்றால் இரண்டு வேளையாக்கலாம். தொடர்ந்து ஆறு வாரத்துக்கு மேல் பருகாமல், இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும்.

ஆறாம் படி: வல்லாரைத் தைலம்

வீட்டுத் தயாரிப்புகளில் எனக்கு மிகவும் உடன்பாடானது இதுதான். வெளிப்பூச்சு என்பதால் தீங்கு குறைவு. இருநூறு கிராம் பச்சை இலையைக் காம்போடு நறுக்கி, நூறு மில்லிலிட்டர் நீர் விட்டு அரைத்து, துணியில் முறுக்கிப் பிழிந்து சாறெடுங்கள். அடி கனமான பாத்திரத்தில் தேங்காய் எண்ணெய் இருநூற்றைம்பது மில்லிலிட்டரையும் சாற்றையும் குளிர்ந்த நிலையிலேயே கலந்து, பிறகு சிறுதீயில் ஏற்றுங்கள். சூடான எண்ணெயில் சாற்றை ஊற்றினால் தெறித்து முகத்தைச் சுடும்.

முதலில் மேலே பச்சை நுரை கட்டும். நுரை அடங்கி, நீர் வற்றும் சடசடப்பு எழும். மரக்கரண்டியால் அடியைத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கசடு அடிப்பிடித்துக் கருகி, எண்ணெய் முழுவதும் தீய்ந்த நாற்றம் ஏறிவிடும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் ஓசை மெல்லக் குறையும். அப்போது அடியில் திரண்ட கசடிலிருந்து சிறிது எடுத்து, ஆறவிட்டு, இரண்டு விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள்: குழைந்து ஒட்டினால் ஈரம் இருக்கிறது, மெழுகுத் திரியாகத் திரண்டால் பதம் நெருங்கிவிட்டது. அந்தத் திரியைத் தீயில் காட்டும்போது சடசடக்காமல் எரிய வேண்டும். அதுவே இறக்க வேண்டிய கணம். இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் கசடு கறுத்து மொறுமொறுப்பாகி, பதம் கடந்துவிடும். இளஞ்சூட்டில் மெல்லிய துணியால் வடிகட்டி, வெந்நீரில் கழுவி முற்றிலும் உலர்த்திய பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டுங்கள். நான்கு மாதம் வரை நன்றாக இருக்கும். கியூர்பிப்பின் ஜூலைக் குளிரில் புட்டிக்குள் கட்டியாக உறைந்துவிடும். அது கெட்டதன் அடையாளமன்று, வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்தால் இளகும்.

ஏசியாட்டிகோசைடு எண்ணெயில் எளிதாகக் கரையும் பொருளன்று. ஆகவே மருந்துக் கடைக் களிம்பின் செயல்திறனை இந்தத் தைலத்திடம் எதிர்பார்க்கக் கூடாது. வறண்டு வெடித்த தோல், குதிகால் பித்தவெடிப்பு, முற்றிலும் மூடிக்கொண்ட காயத்தின் தழும்பு ஆகியவற்றில் காலையும் இரவும் சில துளி விட்டு மெல்லத் தேய்த்துவருவதே இதன் பொருத்தமான பயன். முதன்முறை பூசும்போது முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். சிலருக்கு வல்லாரை அரிப்பை உண்டாக்கும். தலையில் தேய்த்தால் குளிர்ச்சியாக இருக்கும், முடி வளரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

தைப்பூசக் காவடிக்குப் பிறகு இந்தக் கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. ஜனவரி, பிப்ரவரி வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தவர்களின் உள்ளங்காலில் கொப்புளமும், வேல் குத்திய கன்னத்திலும் நாவிலும் துளையும் இருக்கும். அந்தத் திறந்த காயங்கள் எதிலும் வீட்டுத் தைலத்தையோ, அரைத்த பச்சிலையையோ வைக்கக் கூடாது; அவை கிருமி நீக்கப்பட்டவை அல்ல. சுடுபட்ட கொப்புளத்தை உடைக்காமல் குளிர்ந்த குழாய்நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், காயத்தைத் தூய துணியால் மூடுங்கள், டெட்டனஸ் என்ற தசைவிறைப்பு நோய்க்கான தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று கேட்டுப் பாருங்கள். தோல் மூடிய பிறகு, அதாவது கசிவும் வலியும் நின்ற பிறகு, தைலத்தைத் தொடங்கலாம்.

வல்லாரை நெய்யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பசுநெய் ஒரு பங்குக்குச் சாறு நான்கு பங்கும், அரைத்த விழுது கால் பங்கும் சேர்த்து, தைலத்துக்குச் சொன்ன அதே பதத்தில் காய்ச்சுவது மரபு. நூறு கிராம் நெய்க்கு ஏறத்தாழ ஒரு கிலோ இலை வேண்டும். ஒரு தொட்டி வைத்திருப்பவரால் ஆகாது. கொழுப்பும் சர்க்கரையும் கூடியுள்ளவர்கள் அதிகம் இருக்கும் நம் வீடுகளில், இதைத் தகுதி பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

யார் தவிர்க்க வேண்டும்

கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், கருத்தரிக்க முயல்வோரும் திசான், தூள், குளிகை எதையும் உட்கொள்ளக் கூடாது. சிறுவர்களுக்கும் கீரை போதும், மருந்தாகக் கொடுக்க வேண்டாம். கல்லீரல் நோய் இருந்தவர்கள் முற்றிலும் விலக்க வேண்டும். வல்லாரைக் குளிகைகளைச் சில வாரங்கள் தொடர்ந்து உண்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி கண்டு, நிறுத்தியதும் குணமான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மறுபடி தொடங்கியவருக்கு அழற்சியும் மறுபடி வந்தது. கேரட், கொத்தமல்லி, சோம்பு போன்றவை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மனப்பதற்றத்துக்கான மாத்திரை உண்போருக்கு மயக்கம் கூடக்கூடும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் திசானைத் தொடங்கக் கூடாது. வல்லாரை குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. அறுவைச் சிகிச்சை குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கண்வெள்ளை மஞ்சளித்தல், சிறுநீர் தேநீர் நிறத்தில் கறுத்தல், உடல் முழுவதும் அரிப்பு, காரணமில்லாத சோர்வு, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே சிகிச்சை இலவசம். பச்சை இலை உண்ட சில வாரங்களுக்குள் கடுமையான தலைவலியும், கழுத்து விறைப்பும், தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். போகும்போது மீதமுள்ள இலையையோ, குளிகைப் புட்டியையோ கையோடு எடுத்துச் சென்று, எந்த நாள் தொடங்கினீர்கள், வேளைக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். "திசான்தான் குடித்தேன்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது.